சோப்பு கறுக்கும் பதம்

விபத்தில் வளைந்துபோன பைக்கின் அலுமினிய பிரேக் லீவரில் சோப்பைத் தேய்த்து, இடுக்கியால் பிடித்து அடுப்புத் தீயில் காட்டினாள் பூரணி. கால்கட்டோடு கூடத்தில் படுத்திருந்த கணவன் அங்கிருந்தே பக்குவம் சொன்னான். “கட்டுப் பிரிச்சதும் வண்டி எடுக்கணும். சோப்பு கறுத்த உடனே எறக்கி நிமித்திரு. அதுக்கு மேல சூடு ஏறுனா பாக்க நல்லாத்தான் இருக்கும், பிரேக்க அழுத்திப் பிடிக்கையில ஒடிஞ்சிரும்.”

குடித்துவிட்டு வண்டியை லாரியில் கொண்டுபோய் மோதியவன் அவன்தான். பின்னால் உட்கார்ந்திருந்து செத்துப்போனவன் பூரணியின் தம்பி. ஓட்டியதே தம்பிதான் என்று போலீசில் எழுதிக் கொடுத்துவிட்டான். செத்தவன் வந்து மறுக்கவா போகிறான்.

சோப்பு கரியாய்க் கறுத்தது.

“கறுத்துருச்சாடி?”

பூரணி தீயைக் கூட்டினாள்.

“இன்னும் இல்ல மாமா.”