பாதியாய்க் குறைந்த பில்

பிற்பகல் வெயில் சலவைக் கடையின் கண்ணாடிக் கதவு வழியே வந்து, இஸ்திரி மேஜையில் பாதி வரைக்கும் ஏறி நிற்கிறது. மேஜை மேல், வயரைச் சுற்றி வைத்த இஸ்திரிப் பெட்டி. உள்ளே ஒரு இயந்திரம் மட்டும் யாருடைய போர்வையையோ புரட்டிக்கொண்டிருக்கிறது. கடைக்கார அக்கா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, மென்பொருள் கம்பெனிப் பெண் நீட்டும் போனை வாங்குகிறாள். சிறு கடைகள் மின்சாரத்தையும் தண்ணீரையும் வீணாக்காமல் பார்த்துக்கொள்ளும் செயலி அதில் இருக்கிறது. முன்பெல்லாம் நாற்பது கேள்வி கேட்டுக் கழுத்தை அறுக்கும். எந்தக் கடைக்காரரும் முடித்ததில்லை. இப்போது கரண்ட் பில்லைப் படம் எடுத்தால் போதும். கேள்விகளை ஒவ்வொன்றாக வெட்டி எறிந்தவள் இந்தப் பெண்தான். அக்கா படம் எடுக்கிறாள். திரையில் பச்சை இலைகள் பொலபொலவென்று கொட்டுகின்றன. ‘சபாஷ்! போன பில்லைவிட மின்சாரச் செலவு பாதியாகக் குறைந்துவிட்டது!’

“சிரமமா இருந்துச்சாக்கா?”

“இல்லம்மா, சுலபமாத்தான் இருக்கு.”

“பாதி குறைஞ்சிருக்கே! அப்படி என்னக்கா பண்ணீங்க?”

அக்கா மேஜையைப் பார்க்கிறாள். “நான் ஒண்ணும் பண்ணலம்மா. இஸ்திரியெல்லாம் எங்க வீட்டுக்காரர்தான். அவர் தவறி ஒன்றரை மாசமாச்சு. அந்தப் பெட்டியைத் தொட எனக்குக் கை வரல.”

உள்ளே இயந்திரம் சுற்றி ஓய்கிறது. இலைகள் மட்டும் கொட்டிக்கொண்டே இருக்கின்றன. அக்கா ஒரு விரலால் அவற்றைத் தள்ளிப் பார்க்கிறாள்.

“இதை எப்படிம்மா நிறுத்தறது?”

அதற்குப் பொத்தான் எதுவும் அந்தப் பெண் வைத்திருக்கவில்லை.