குறிக்கண்ணாடி

நீண்ட லென்ஸ் வழியே தேடினால் பறவை கைநழுவிப் போகிறது என்று, துப்பாக்கியில் பொருத்தும் குறிக்கண்ணாடி ஒன்றை வாங்கிக் கேமராவின் தலையில் மாட்டியிருந்தான் தவசீலன். அதில் தெரியும் சிவப்புப் புள்ளியைப் பறவைமேல் வைத்தால் போதும், லென்ஸுக்குள் அது இருக்கும்.

களப்பின் உப்புநீர்மேல் தாழப் பறந்த கொக்கைப் புள்ளியோடு தொடர்ந்தான். அது அக்கரையில் இறங்கியது. அங்கே இறால் பொறுக்கிக்கொண்டிருந்த பெண் இவனைப் பார்த்ததும் கூடையைப் போட்டுவிட்டு இரண்டு கைகளையும் தூக்கினாள்.

பதறிப்போய்க் கேமராவை இறக்கினான்.

"அக்கா, கொக்கைத்தான் படமெடுக்கிறன்."

எதிர்க்காற்றில் குரல் போய்ச் சேரவில்லை. கைகளை இறக்கச் சொல்லி, உள்ளங்கையைக் கவிழ்த்துக் கீழ்நோக்கி மெல்ல அசைத்துக் காட்டினான்.

அவள் முழந்தாளிட்டாள். அடுத்தது என்னவென்று தெரிந்தவள்போல், கைகளைப் பிடரியில் கோத்துக்கொண்டு முதுகைக் காட்டித் திரும்பினாள்.