ஏழு மணி வகுப்பு

திட்ட அதிகாரி கண்ணை மூடிக்கொண்டு சொல்லச் சொல்ல, புதிதாக வேலைக்குச் சேர்ந்த டைப்பிஸ்டின் விரல்கள் தாமாகவே ஓடின.

“முதியோர் கல்வித் திட்டம். வேலைக்குப் போறவங்களுக்காக சாயங்காலம் ஏழு மணி வகுப்பு. பெஞ்சு வேண்டாம்மா, முட்டி இடிக்கும். கைவச்ச நாற்காலின்னு போடு. புத்தகத்துல எழுத்தெல்லாம் பெரிசு பெரிசா.”

அவள் கண்ணுக்கு அந்த அறையே தெரிந்தது. ஜன்னல் காற்றில் புரளும் பக்கம். அதை அழுத்திப் பிடித்து, எழுத்தெழுத்தாக ஊரும் ஒரு காய்த்துப்போன விரல்.

“எத்தனை பேர் சார்?”

“நாப்பது... வேண்டாம், நாப்பத்தி மூணுன்னு போடு.”

அவள் தயங்கினாள். “நாப்பத்தி நாலா போடலாமா சார்? எங்க மாமியாருக்கு பஸ் போர்டைத் தானே படிக்கணும்னு கொள்ளை ஆசை. பக்கத்துல நிக்கிறவங்களைக் கேட்டுக் கேட்டுக் கூசிப்போயிட்டாங்க. அரசாங்கம் அனுமதி கொடுத்ததும் முதல் ஆளா கூட்டிட்டு வந்துடுவேன்.”

அதிகாரி கண்ணைத் திறந்தார்.

“தாராளமா சேர்த்துக்கோ. ஆனா இது விண்ணப்பம் இல்லம்மா, போன வருஷமே நடந்து முடிஞ்ச வகுப்போட அறிக்கை. உன் மாமியாரும் பாஸாயிட்டாங்கன்னே போட்டுடு.”