மில்டன் பேரில் வந்த கிராஷ்

"ஆள் வேலையை விட்டுப் போய் ஆறு வருஷமாச்சு. இன்னும் மில்டன் பேர்லதான் கிராஷ் வருது பாரு!" திரையைத் தட்டிச் சிரித்தான் ஃபபியான்.

லெட்டீசியாவுக்குச் சிரிப்பு வரவில்லை. சுற்றுலா வார விடுமுறை தொடங்க மூன்றே நாள். மோன்டெவிடியோ நகரமே கடற்கரைக்கு மூட்டை கட்டிக்கொண்டிருக்கிறது. பஸ் டிக்கெட் புரோகிராமோ, சீட்டைத் தேர்ந்தெடுத்ததும் படுத்துவிடுகிறது.

எந்த வரியில் தப்பு என்று பார்க்க ஜாவா டீபக்கரை இணைத்தால், புரோகிராம் தொடங்கும்போதே உயிரை விடுகிறது.

"கிராஷ் ரிப்போர்ட் அனுப்புற டூலுக்கும் டீபக்கருக்கும் ஒத்துக்கல. அந்த டூலைப் போட்டதும் மில்டன்தான்," என்றாள் லெட்டீசியா.

"தப்பும் அவரோடது, காட்டிக் கொடுக்கிற டூலும் அவரோடதா? நல்ல மனுஷன்!"

"சும்மா இருடா. அவரையே கேக்கறேன்."

மில்டனின் போன் எண்ணைத் தேடும்போதே பழசெல்லாம் வந்து நின்றது. பழைய நகரத்தில் அந்த ஒழுகல் மாடி ஆபீஸ். அக்குளில் பிளாஸ்க்கை இடுக்கிக்கொண்டு, மாத்தே பானக் கோப்பையை மேஜை மேஜையாக நீட்டுவார் மில்டன். புரோகிராம் சண்டித்தனம் செய்தால் மேஜையில் கான்டோம்பே தாளம் போடுவார். எல்லோரும் கூடவே தட்டுவார்கள்.

அது அவள் வேலைக்குச் சேர்ந்த வருஷம். டிசம்பர் வரை தாக்குப்பிடித்தால்தான் வேலை நிரந்தரம்.

யார் எழுதியதில் எத்தனை கிராஷ் என்று டூல் தரும் பட்டியலை மாதாமாதம் சுவரில் ஒட்டுவார்கள். மில்டன் பேர்தான் உச்சியில். லெட்டீசியாவுக்கு நேரே எப்போதும் சைபர்.

டிசம்பரில் அவரை வேலையை விட்டு அனுப்பினார்கள். அவளை நிரந்தரமாக்கினார்கள்.

"கொஞ்சம் கவனமா எழுதியிருக்கலாமே, மில்டன்," என்று வாசல்வரை போய்ச் சொன்னவள் அவள்தான். அவர் சிரித்துவிட்டுப் படியிறங்கினார்.

"அட, லெட்டி! இன்னும் அங்கதான் குப்பை கொட்டுறியா?" போனில் அதே குரல்.

விஷயத்தைச் சொன்னாள்.

"தப்பு வந்தா முதல்ல எனக்குத்தான் சொல்லணும்னு ரெண்டும் அடம் பிடிக்குதுங்க. ஜாவாவைக் கிளப்புற வரியில டூலோட பேர் இருக்கும். அதை எடுத்துட்டு டீபக்கரைப் போடு."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். வேலை முடிஞ்சதும் அந்த டூலையே தூக்கி எறிஞ்சிடு. இப்ப எவ்வளவோ நல்லது வந்தாச்சு."

பேரை எடுத்தாள். டீபக்கர் ஓடியது. கால் மணி நேரத்தில் தப்பு சிக்கியது. ஜன்னலோர சீட்டெல்லாம் நிறைந்துவிட்டால் என்ன செய்வது என்று எழுதவே இல்லை. சேர்த்தாள். டிக்கெட் வந்து விழுந்தது.

"பச்சைப்புள்ள தப்பு! இதுக்குத்தான் அவரைத் துரத்தினாங்க," என்றான் ஃபபியான்.

லெட்டீசியா, அவர் சொன்னபடி டூலை நீக்குவதற்காக அதன் செட்டிங்ஸ் ஃபைலைத் திறந்தாள்.

அவள் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வாரத் தேதியில், மில்டன் ஒரே ஒரு வரி சேர்த்திருந்தார்:

'டிசம்பர் வரை லெட்டீசியா எழுதுவதில் எது கிராஷ் ஆனாலும், போட வேண்டிய பெயர்: மில்டன்.'