நளபாகனுக்கு ஒரு சேதி

பொட்டலத்தின் பின்பக்கத்தில் அவனுடைய வாக்கியம் இருந்தது.

'இந்தக் குழம்புக்குச் சோறு ஒரு சாக்கு.'

எழுதியவர் பெயர் இல்லை. எழுத்துப்பிழையும் இல்லை. அவன் முதலில் பார்த்தது இரண்டாவதைத்தான்.

நட்சத்திர ஹோட்டலின் இரண்டாம் மாடி. பல் கிட்டும் குளிர். மேடையில் கோட்டுப் போட்ட ஒருவர் அந்தப் பொட்டலக் கறிக்குழம்பைப் பற்றி இருபது நிமிடமாகப் பேசிக்கொண்டிருந்தார். உப்பு, புளி, காரம் என்று ஒரு சொல் வரவில்லை.

"அம்மாவின் கைப்பக்குவத்தை நாங்கள் அளவிடத்தக்கதாக ஆக்கிவிட்டோம்."

கைதட்டினார்கள். அவன் குறித்துக்கொண்டான். வந்தது அதற்குத்தான்.

எந்தப் பத்திரிகையிலும் அவனுக்கென்று நாற்காலி கிடையாது. வார நாட்களில் ஒரு வணிக நாளிதழுக்கு, சொந்தப் பெயரில். ஞாயிறு இணைப்பு ஒன்றில் சாப்பாட்டுப் பத்தி, நளபாகன் என்ற பெயரில்.

நளபாகனுக்கு வெந்நீர் போடத் தெரியும்.

திங்கள் முதல் வெள்ளி வரை கறிக்குழம்புக்குச் சந்தைப் பங்கு இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் ருசி. இரண்டும் ஒரே அரங்கில் வந்து நின்றது இன்றுதான்.

மேடையின் ஓரத்தில், கடன் வாங்கியதுபோல் ஒட்டாத பட்டுப்புடவையில், முத்திருளாயி உட்கார்ந்திருந்தாள். பொட்டலத்தின் முன்பக்கத்தில் சிரிப்பவளும் அவள்தான். அங்கே பல்வரிசையைச் சீராக்கியிருந்தார்கள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால், அருப்புக்கோட்டையில், முத்திருளாயி மெஸ். ஆறு பெஞ்சு.

அவன் ஒரு மதியம் சாப்பிட்டான். யாரென்று சொல்லாமல் வந்து, யாரென்று சொல்லாமல் போனான். நளபாகனின் கொள்கை அது.

ஞாயிறு பத்தி வந்தது, 'சோறு ஒரு சாக்கு' என்ற வரியோடு.

அடுத்த ஞாயிறு மதுரையிலிருந்து கார்கள் வந்தன. அதற்கடுத்த ஞாயிறு கேமராக்கள். தினம் சாப்பிடும் தறிக்காரர்கள் தெருவில் நின்று பார்த்துவிட்டு, டீயும் பன்னுமாகத் திரும்பிப் போனார்கள். பிறகு கோட்டுப் போட்டவர்கள் வந்தார்கள். பக்குவத்தை எழுதி வாங்கினார்கள். பெயரையும்.

மெஸ்ஸை மூடிய செய்தியை வணிகப் பக்கத்தில் எழுதியவனும் அவன்தான். நான்கு வரி. 'வட்டாரச் சுவைக்குத் தேசியப் பாய்ச்சல்' என்று தலைப்பு.

நல்ல தலைப்பு என்று ஆசிரியர் சொல்லியிருந்தார்.

கூட்டம் முடிந்து சாப்பாடு. கோட்டுக்காரர்கள் எல்லாரும் பாஸ்தா பக்கம் போனார்கள். பொட்டலக் குழம்பின் முன்னால் அவனும் அவளும் மட்டும் நின்றார்கள்.

அவன் கழுத்தில் தொங்கிய அட்டையை எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"சார் பேப்பர்காரவுகளா?"

தலையாட்டினான்.

"பேப்பர்ல நளபாகன்னு ஒருத்தவுக எழுதுவாகளே. தெரியுமா?"

தெரியும் என்றான்.

அவள் அக்கம்பக்கம் பார்த்தாள். குரல் இறங்கியது.

"அவுகளப் பாத்தா ஒரு சேதி சொல்லணும் சார். பேரைத்தான குடுத்தேன், கையவா குடுத்தேன்? சும்மா இருக்க முடியல. திரும்ப ஆக்குறேன். வீட்டுப் பின்கட்டுல. முப்பது சோறு. போர்டு கிடையாது. தறிக்காரவுக மட்டும் கொல்லை வழியா வந்து தின்னுட்டுப் போவாக. இந்தக் கம்பெனிக்குத் தெரிஞ்சா கோர்ட்டுக்கு இழுத்துருவாக. கையெழுத்துப் போட்டுருக்கேன்ல."

கரண்டியைக் குழம்பில் விட்டாள். கிண்டவில்லை. எடுத்துவிட்டாள்.

"அந்த மனுசனுக்கு நாய் மூக்கு. எப்பிடியும் மோப்பம் பிடிச்சு வந்துருவாக. வந்தா வயிறாரத் தின்னுட்டுப் போகட்டும். எழுத மட்டும் வேண்டாம்னு சொல்லிருங்க."

நான்தான் அது, என்று ஒரு வாக்கியம் அவனிடம் இருந்தது. இரண்டே சொல்.

"எந்தத் தெரு?" என்று கேட்டான்.

கேட்டபிறகுதான் காதில் விழுந்தது, கேட்டவன் தானேதான் என்று. பதினைந்து வருஷத்துப் பழக்கம்.

அவள் சொன்னாள். தெரு, திருப்பம், வேப்பமரம், நீலக் கதவு, எத்தனை மணிக்கு உலை இறங்கும் என்பதுவரை. சேதி கொண்டுபோகிறவருக்கு வழி தெரிய வேண்டாமா?

பிறகு அவளைப் படமெடுக்கக் கூப்பிட்டார்கள். கையில் பொட்டலத்தைக் கொடுத்தார்கள்.

"பாட்டியம்மா, இன்னும் கொஞ்சம் சிரிங்க."

அவன் சோற்றில் குழம்பை ஊற்றிச் சாப்பிட்டுப் பார்த்தான். உப்பு சரி. காரம் சரி. எல்லாமே சரியாக இருந்தது. மூன்றாவது வாயோடு தட்டை வைத்துவிட்டான்.

பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது.

குறிப்பேட்டில் அவள் சொன்ன வழியைக் குறித்திருந்த பக்கத்தைக் கிழித்தான். நாலாக மடித்து, எட்டாகக் கிழித்து, ஜன்னலுக்கு வெளியே விட்டான். இதை மட்டும் எழுதுவதில்லை. சொந்தப் பெயரிலும் இல்லை, மற்றதிலும் இல்லை. ஒருத்திக்கு மிச்சமிருப்பது முப்பது சோறு.

நிஜமாகவே நினைத்தான். கண் நிறைந்து வழிந்தது. பக்கத்து இருக்கைக்காரர் பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

சைதாப்பேட்டைப் பாலம் ஏறும்போது உதடு தானாக அசைந்தது.

'போர்டு இல்லாத அந்த அடுக்களைக்குக் கொல்லை வழியாகத்தான் போகவேண்டும்.'

திடுக்கிட்டு வாயை மூடிக்கொண்டான்.

கொஞ்ச தூரம் பஸ் போனது.

'அடுக்களை' வேண்டாம், 'சமையற்கட்டு' இன்னும் எடுப்பாக இருக்கும் என்று பட்டது.