மூன்று சுற்றிலும் நின்ற குதிரை

பக்கவாதத்தில் இடது கை செயலிழந்துபோன கணவர் சிகிச்சைக்காகக் குதிரைமேல் உட்கார்ந்திருக்க, மனைவி வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். தெரபிஸ்ட் பெண் அவரது வலது கையைப் பிடித்தபடி கூடவே நடந்தாள். மூன்று சுற்றிலும் குதிரை சரியாக மனைவியின் எதிரே வந்து நின்றுவிட்டது.

"என்னைப் பார்த்து மிரளுதும்மா. அவரைத் தள்ளிவிட்டுடப் போகுது. வேற குதிரை இல்லையா?"

"அந்தக் கோடிக்குப் போய் நில்லுங்கக்கா, பார்ப்போம்."

ஓட்டமும் நடையுமாகப் போய் நின்றாள். குதிரை பழைய இடத்தைத் தாண்டி வந்து, மறுபடி இவள் எதிரே நின்றது.

"நான்தான் சொன்னேனே. நான் வெளியே போயிடறேன்."

"இருங்கக்கா. லகானை இழுக்காம இது நிக்காது. அவரோட வலது கை என் பிடியில இருக்கு. லகானை நான் கொடுத்தது இடது கையில."

அவர் ஒன்றும் தெரியாதவர்போலக் குதிரையின் காதையே பார்த்துக்கொண்டிருந்தார்.