ரோக்கு சாமிக்கு ஒரு பிடி

அவருக்கு ஏந்தத் தெரியவில்லை.

துண்டை இரண்டு கைகளிலும் விரித்துப் பிடித்து எஸ்தாக்கி வீட்டு வாசலில் நின்றார். வாங்க வந்தவர் போல இல்லை. வரி கேட்க வந்தவர் போல இருந்தது. முதுகு வளையவில்லை.

“ஐயையோ, மாமா! நீங்க எதுக்கு வெயில்ல நிக்கிய? ஏட்டி, நாற்காலி கொண்டா!”

எஸ்தாக்கி ஒரு முறம் அரிசியை அப்படியே கவிழ்த்தான். கவிழ்த்துவிட்டுக் கும்பிட்டான். உள்ளேயிருந்து மோர் வந்தது.

அடுத்த வீட்டிலும் நாற்காலி. அதற்கடுத்த வீட்டில் நாற்காலியின் மேல் புது விரிப்பு.

கடைக்கார கஸ்பார் மட்டும் சிரித்தான். “பிச்சைக்கும் இஸ்திரி போட்ட சட்டைதானா, மாமா?”

அவனும் எழுந்து நின்றுதான் சிரித்தான்.

துண்டு கனத்தது. கோயிலுக்குத் திரும்பினார்.

வாசற்படியில் மெட்டில்டா சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவர் மனைவி. மருத்துவர் கையை விரித்த அன்று, கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று அவர் நேர்ந்துகொண்டார். இவள் எழுந்தால், ரோக்கு சாமி திருநாளுக்கு ஊரில் மடிப்பிச்சை எடுப்பேன். அந்த அரிசி திருநாள் பந்தியின் அசனச் சோற்றோடு வேகட்டும். ஊர் சாப்பிடட்டும்.

எழுந்துவிட்டாள். பாதியாக மெலிந்து, பேச்சுக்குப் பேச்சு மூச்சு வாங்கி, ஆனாலும் எழுந்துவிட்டாள். விடியற்காலையில் அவள் இருமுகிற சத்தம் கேட்டு விழிப்பதே அவருக்கு இப்போது செபம்.

மெட்டில்டா துண்டுக்குள் கையை விட்டு அளைந்தாள்.

“இது பிச்சை இல்லங்க. மொய்.”

அவர் முகம் சிவந்தது. “என்னைத் தெரியாத வீடு இந்த ஊருல ஏது?”

“தெரிஞ்சும் நாற்காலி போடாத வீடு ஒண்ணு இருக்குல்லா.”

அவர் பந்தல் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

பந்தலில் அசன அண்டா அடுப்பில் ஏறியிருந்தது. உலை கொதித்தால் அரிசி விழுந்துவிடும். அப்புறம் கொண்டுவந்து பயனில்லை. அடுத்த வருடம் இருக்கிறது என்று சொல்கிற வயது இருவருக்கும் இல்லை.

உள்ளே, சிலைக் கூட்டுக்குள் ரோக்கு சாமி நின்றார். தொடையில் புண். காலடியில் அப்பத்தைக் கவ்விய நாய்.

பெரிய வீட்டுப் பிள்ளை. சொத்தையெல்லாம் கொடுத்துவிட்டுக் கொள்ளைநோய் விழுந்த ஊர்களுக்குப் போனவர். யாரும் தொடாதவர்களைத் தொட்டுக் கழுவியவர். அதே நோயில் காட்டில் கிடந்தபோது ஒரு நாய் சோறு போட்டது. பிழைத்துத் திரும்பியவரைச் சொந்த ஊரே ஒற்றன் என்று சிறையில் அடைத்தது. குடும்பப் பெயரைச் சொல்லியிருந்தால் அன்றைக்கே கதவு திறந்திருக்கும்.

சொல்லவில்லை. சிறையிலேயே செத்தார்.

அதனால்தான் ரோக்கு சாமிக்கு மடி ஏந்துகிறவர் பெயர் சொல்லக்கூடாது என்பது இந்த ஊர் வழக்கம். சிறுவயதிலிருந்து கேட்ட கதை. ஒரு மனிதன் தன் குடும்பப் பெயரை ஏன் விழுங்க வேண்டும் என்பது மட்டும் அவருக்கு ஒருநாளும் பிடிபட்டதில்லை.

துண்டிலிருந்த அரிசியைக் காணிக்கையாகக் கொட்டினார். வெறுந்துண்டை உதறிக்கொண்டு நடந்தார்.

கித்தேரியம்மாள் வீடு.

திருநாள் கொடியின் கயிற்றை முதலில் தொடுகிற உரிமை இவர் குடும்பத்துக்கு. அது தங்களுக்கும் உண்டு என்று கித்தேரியம்மாளின் புருஷன் வழக்குப் போட்டார். தோற்றார். பிறகு ஆளும் போய்ச் சேர்ந்தார். பகை மட்டும் மிச்சம். இந்த வீட்டார் அந்தப் படியையும் அந்த வீட்டார் இந்தப் படியையும் மிதிப்பதில்லை. முதலில் மிதிக்கிறவர் தோற்றவர்.

மிதித்தார்.

“ரோக்கு சாமிக்கு மடி ஏந்தி வந்திருக்கேன்.”

எதிர்வீட்டு ஜன்னல்கள் திறந்தன.

கித்தேரியம்மாள் வந்தாள். வெள்ளைச் சேலை. கண்ணைச் சுருக்கி, வழி தப்பி வந்த ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

“யாருப்பா நீ?”

பெயர் தொண்டைக்கு வந்தது. அப்பாவின் பெயரோடு, தாத்தாவின் பெயரோடு, கொடிக்கயிற்றோடு வந்தது.

விழுங்கினார்.

“ஏந்த வந்தவன், தாயி.”

“எந்த ஊரு?”

அவர் தலை குனிந்தது.

“படிய விட்டு எறங்கி நில்லு. இப்பதான் கழுவி விட்டிருக்கேன்.”

இறங்கினார்.

அவள் உள்ளே போனாள். நேரமாகியது. ஜன்னலில் யாரோ உச்சுக்கொட்டினார்கள். போய்விடலாம். போனால் கௌரவம் மிஞ்சும். கண்ணாடிக் கதவும் அதற்குப் பின்னால் கிடந்த முகமும் நினைவுக்கு வந்தன. நின்றார்.

மூடிய கையோடு வந்தாள். படி உயரம். அவள் கையை நீட்டவில்லை, இடுப்போடு வைத்திருந்தாள். வாங்க வேண்டுமானால் அவர்தான் குனிந்து துண்டை அவள் கைக்குக் கீழே கொண்டுபோக வேண்டும்.

குனிந்தார்.

ஒரு பிடி அரிசி விழுந்தது. அவ்வளவுதான். கும்பிடு இல்லை, மோர் இல்லை.

அவருக்குக் கண் கலங்கியது. அவமானம் என்று தெரு நினைத்திருக்கும்.

அவள் திரும்பினாள். கதவைப் பாதி சாத்தியபின், தெருவுக்குக் கேட்காத குரல் வந்தது.

“மெட்டில்டாவுக்கு ராத்திரியில இன்னும் மூச்சு முட்டுதா?”

இல்லை என்று சொல்ல வாயெடுத்தார். பிறகு, ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினார்.

“சரி, போ. உலை கொதிச்சிரும்.”

துண்டை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, தெரு முழுக்கப் பார்க்க, அவர் ஓடினார்.